கட்டுத்தரைக் கேள்விகள்: ஒரே உடம்பில் இரண்டு நோய்

சென்ற இதழில் ஒரு நாயின் ரத்தப் பரிசோதனை பற்றி எழுதும்போது, "உண்ணி கடித்த நாய்க்கு ஒரு நோய் உறுதியானால் அதோடு நிற்காமல் இன்னொன்றையும் தேடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். இந்த மாதத் தபாலில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். சிலர் சந்தேகம் கேட்டிருக்கிறீர்கள், சிலர் சண்டைக்கே வந்திருக்கிறீர்கள். கறவை, தீவனம், சினை ஊசி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: டாக்டர் அம்மா, எங்கள் லேப்ரடாருக்கு நாலு வயது. காய்ச்சல் வந்து சோறு தின்னாமல் கிடந்தது, ஒருநாள் மூக்கில் ரத்தம் வந்தது. கிட் வைத்துப் பார்த்து எர்லிக்கியா என்றார்கள். டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்து வருகிறோம். முதல் வாரம் நன்றாகத் தேறியது. இப்போது மறுபடி படுத்துவிட்டது. ஈறு வெளுத்துவிட்டது, மூத்திரம் பால் ஊற்றாத டீ நிறத்தில் போகிறது. மாத்திரை போலியாக இருக்குமா?
(வாசகர், திருச்செங்கோடு)

ப: அச்சில் பதில் வரும்வரை காத்திருக்கும் நோய் இல்லை என்பதால் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காகக் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

மாத்திரையைக் குறை சொல்லாதீர்கள். விடை அந்த டீ நிறத்தில் இருக்கிறது. எர்லிக்கியா என்ற பாக்டீரியா குடியிருப்பது வெள்ளையணுவில். அது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும், அதனால்தான் மூக்கில் ரத்தம் வந்தது. மூத்திரம் கறுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் சிவப்பணு கூட்டம் கூட்டமாக உடைய வேண்டும். அப்படி சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைத்துக்கொண்டு வெளியே வருவது பபீசியா என்ற ஒட்டுண்ணி. டாக்ஸிசைக்ளின் எர்லிக்கியாவுக்கு நல்ல மருந்து. பபீசியாவை அதனால் ஒழிக்க முடியாது. முதல் வாரம் தேறியதே, அது எர்லிக்கியா அடங்கியதன் பலன். அதன் பின்னால் இருந்தது இப்போது முன்னால் வந்திருக்கிறது. எலிக்காய்ச்சலிலும் மூத்திரத்தின் நிறம் மாறும். ஆகவே உங்கள் டாக்டர் ஈரல், சிறுநீரகம் இரண்டையும் பார்த்துவிடுவார்.

காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய முறைதான், ஆனால் பபீசியாவுக்கு அதைப் போல மலிவான பரிசோதனை கிடையாது. சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில் இரண்டிரண்டாக இருந்தால் பெரிய வகை. மிகச் சிறியதாகப் புள்ளியும் வளையமுமாகத் தெரிந்தால் கிப்ஸோனி என்ற சிறிய வகை. இரண்டுக்கும் மருந்து வேறு. பெரிய வகைக்குப் போடும் இமிடோகார்ப் ஊசி சிறிய வகையிடம் சரியாக எடுபடாது. சிறிய வகை மருந்துக்கு அடங்கின மாதிரி இருந்து, மாதங்கள் கழித்துத் தலைதூக்கும் குணமும் கொண்டது.

கிட் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் அதிகம் புழங்கும் கிட், கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொள்ளும் எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. கோடு விழுந்தால், இந்த நாயின் உடம்பு எர்லிக்கியாவை எப்போதோ சந்தித்திருக்கிறது என்று பொருள். போன வருடம் சந்தித்ததற்கும் இந்த வருடம் கோடு விழலாம். கோட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது, பேர் கிடைத்துவிட்டதே என்று. அந்த நிம்மதிதான் எனக்கு ஆகாத விஷயம்.

இரண்டும் ஒரே நாய்க்கு எப்படி வந்தன என்றால், கொண்டுவருவது ஒரே ஆள். பழுப்பு நாய் உண்ணி குஞ்சாக ஒருமுறை, இளசாக ஒருமுறை, முற்றினபின் ஒருமுறை என்று மூன்று தடவை ரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் நாயை விட்டு இறங்கிச் சுவர் இடுக்கில் ஒளிந்து, தோல் உரித்து, அடுத்த நாயைத் தேடுகிறது. தெரு நாயிடம் எடுத்ததை உங்கள் நாய்க்குக் கொடுக்க இதைவிட வசதி வேண்டாம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பபீசியா அந்த முட்டை வழியாகவே குஞ்சுகளுக்கும் போய்விடும். ஹெபட்டோசூன் என்று மூன்றாவது ஒன்று உண்டு. அது கடிப்பதால் வருவதில்லை. அரிக்கிறதென்று நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது உண்ணியை விழுங்கிவிட்டால் வரும். நாய்க்கு மட்டும் மருந்து தடவிவிட்டுச் சுவர் வெடிப்பையும் வாசல் படியின் அடியையும் அப்படியே விட்டால், அடுத்த மாதமும் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

கே: அம்மா, நான் விவசாயக் கல்லூரி மாணவன். எங்கள் பட்டியில் ஆட்டுக்கொல்லி நோய் வந்தது. வந்த டாக்டர் எல்லா ஆட்டுக்கும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். ஆட்டுக்கொல்லி வைரஸ் நோய், வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது என்று எங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் செலவு? அப்பா என்னைத் திட்டுகிறார்.
(மாணவர், விழுப்புரம் மாவட்டம்)

ப: பாடமும் சரி, டாக்டரும் சரி. அப்பாவிடம் சமாதானமாகப் போய்விடுங்கள் தம்பி.

உங்கள் மாவட்டத்துக்கும் இந்த நோய்க்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய், இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987-இல், உங்கள் பக்கத்து அரசூரில். அதுவரை இந்த அறிகுறிகளைப் பார்த்தால் மாடுகளின் கொள்ளை நோயான வெக்கை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வெக்கையும் இதுவும் ஒரே குடும்பம். மனிதர்களின் தட்டம்மையும் அதே குடும்பம்தான். வெக்கையை 2011-இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டார்கள். ஆட்டுக்கொல்லிக்கு 2030 என்று கெடு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்து வைரஸ்கள் நேராகப் போய் உட்காருவது நோயை எதிர்க்கும் அணுக்களில். வீட்டுக் காவலாளியை முதலில் அடித்துப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதைப் போல. நல்ல ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் பாஸ்டுரெல்லா, மான்ஹீமியா வகை பாக்டீரியாக்கள் எப்போதும் சும்மா இருந்துகொண்டே இருக்கும், ஆட்டுக்கு ஒன்றும் ஆகாது. காவல் போனதும் அவை நுரையீரலுக்கு இறங்குகின்றன. குடலில் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியும் குடற்புழுவும் அதே நேரத்தில் பெருகுகின்றன. மூக்கில் சளி ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து, கடைசியில் மூச்சு வாங்கிச் சாகிறதே, அந்தக் கடைசி மூச்சு வாங்கல் பல ஆடுகளில் பாக்டீரியா நிமோனியா. ஊசி போட்டது அதற்கு. வைரஸை அது ஒன்றும் செய்யாது, டாக்டரும் அப்படி நினைத்துப் போட்டிருக்க மாட்டார். வைரஸோடு போராட ஆட்டுக்கு நாலு நாள் வாங்கிக் கொடுக்கிறார்.

தட்டம்மை வந்த குழந்தைக்கும் இதே கதி. சாவுக்குப் பெரும்பாலும் காரணம் பின்னால் வரும் நிமோனியா. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அந்தக் குழந்தைகள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோயிருந்தது. அம்மை இறங்கிவிட்டதே என்று நாம் பெருமூச்சு விடும்போது, குழந்தை பழைய நோய்களுக்கெல்லாம் மறுபடி புதிதாகிவிடுகிறது.

சந்தையில் ஆடு பிடிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு முன்னால் அய்யலூர், எட்டயபுரம் சந்தைகளில் பத்து ஊர் ஆடு ஒன்றாக நின்று, வண்டியில் நெருக்கி ஏற்றப்பட்டு, தண்ணீர் குடிக்காமல் வந்து இறங்கும். அந்த அலைச்சலே பாஸ்டுரெல்லாவுக்குப் போதும். அதில் ஒன்று ஆட்டுக்கொல்லியையும் சுமந்து வந்தால் இரண்டும் உங்கள் பட்டியில் ஒரே வாரத்தில் இறங்கும். வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். தடுப்பூசி ஒன்று போட்டால் குறைந்தது மூன்று வருடம் தாங்கும். இதற்கு மேல் மலிவாக எதுவும் கிடைக்காது.

கே: கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலாவது வாரம் கறகறவென்று மூச்சுச் சத்தம். மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் செத்துக்கொண்டே இருக்கின்றன. அறுத்துப் பார்த்தால் ஈரல் மேல் வெள்ளைப் படலம். சூப்பர்வைசர் ஈ-கோலை என்கிறார், போன பேட்ச்சில் சி.ஆர்.டி. என்றார். எது நிஜம்?
(பண்ணையாளர், பல்லடம்)

ப: இரண்டும். அவர் தனித்தனியாகச் சொன்னதுதான் தப்பு.

சி.ஆர்.டி. என்ற நாள்பட்ட மூச்சு நோய்க்குக் காரணமான மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா மட்டும் வந்தால் கோழி லேசாகத் தும்மும், கண் கலங்கும், தீவனம் கொஞ்சம் குறையும். பெரிய சாவு இருக்காது. ஆனால் அது மூச்சுக்குழாயின் உள்தோலைப் புண்ணாக்கி வைக்கும். ஷெட்டில் அம்மோனியா நெடி இருந்தால் அந்தத் தோலில் தூசியைத் தள்ளிவிடும் நுண்மயிர்களும் செயலிழக்கும். எச்சத்தூசியோடு உள்ளே போகும் ஈ-கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்கு அப்போது தடை ஏதும் இருக்காது. காற்றுப் பைகளில் இறங்கி, அங்கிருந்து ரத்தத்துக்குப் போய், இருதயத்தின் மேலும் ஈரலின் மேலும் நீங்கள் பார்த்த அந்தப் படலத்தைப் போர்த்துகிறது. படலம் ஈ-கோலையுடையது, வழி போட்டுக் கொடுத்தது மைக்கோபிளாஸ்மா. இதற்கு நடுவில் வெள்ளைக்கழிச்சலுக்கான உயிருள்ள தடுப்பு மருந்தையோ ஐ.பி. என்ற மூச்சுக்குழாய் வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்தையோ கொடுத்திருந்தால், வழக்கமாக ஒருநாள் தும்மிவிட்டுப் போகிற கோழி இந்த நிலையில் படுத்துவிடும். தடுப்பு மருந்தின் மேல் பழி வந்து சேரும்.

மருந்து மாற்றுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. சுவரை உடைத்துக் கொல்லும் பென்சிலின் இன மருந்துகள் அதன் மேல் வேலை செய்யா. ஈ-கோலையை மட்டும் அடித்தால் நாலு நாள் தேறும், பிறகு மறுபடி கறகற. ஈ-கோலைக்கு எது கேட்கிறது என்று வளர்த்துப் பார்க்காமல் கடைக்காரர் கொடுத்ததைத் தண்ணீரில் கலக்கினால், அடுத்த பேட்ச்சுக்கு எதுவுமே கேட்காத ஈ-கோலையை நீங்களே வளர்த்து விடுகிறீர்கள்.

ஒவ்வொரு பேட்ச்சிலும் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால் கம்பரோவையும் சந்தேகப்படுகிறேன். 1962-இல் அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தின் கம்பரோ ஊர்ப்பக்கம் முதலில் பதிவான வைரஸ். குஞ்சின் எச்சத்துவாரத்துக்கு மேலே இருக்கும் பர்சா என்ற சின்ன உறுப்பை அழிக்கும். எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் பழகுகிற இடம் அது. சின்ன வயதில் லேசாக வந்து போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது, ஆனால் அதற்குப் பிறகு போடும் எந்தத் தடுப்பு மருந்தும் பாதிதான் பிடிக்கும். செத்த கோழியில் பர்சாவையும் பார்க்கச் சொல்லுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அப்போதுதான் செத்த கோழிகளை ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள். முதலில், ஷெட்டுக்குள் போனதும் கண் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் தரையில் பரப்பியிருக்கும் லிட்டர் படுக்கையைக் கிளறிவிட்டுப் பக்கப் படுதாவைத் தூக்குங்கள்.

கே: மனிதருக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா தெரியவில்லை. என் பெண்ணுக்கு 16 வயது. ஆறு நாள் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு பாசிட்டிவ், எலிக்காய்ச்சல் பாசிட்டிவ், உண்ணிக் காய்ச்சலும் பாசிட்டிவ். மூன்று நோய் ஒரே நேரத்தில் வருமா? இப்போது சரியாகிவிட்டாள், எனக்குத்தான் பயம் போகவில்லை.
(வாசகி, வேலூர் மாவட்டம்)

ப: நான் மாட்டு டாக்டர்தான் அம்மா, உங்கள் பெண்ணைப் பார்த்த டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. பொதுவாக மட்டும் சொல்கிறேன்.

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் மூன்றுமே நம் ஊரில் சேர்ந்துதான் சுற்றுகின்றன. கொசுவும் எலியும் புதரும் ஒரே தெருவில் இருப்பதால் இரண்டு சேர்ந்து வருவது நிஜமாகவே உண்டு. மூன்றும் சேர்வது அபூர்வம். நான் நாய்க்குச் சொன்னது இங்கே திருப்பிப் போட்டுப் பொருந்தும். ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருள் காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஒரு நோயின் எதிர்ப்பொருள் இன்னொன்றின் பரிசோதனையில் பொய்க்கோடு போடுவதும் நடக்கும். மூன்று பாசிட்டிவில் ஒன்று இப்போதைய நோய், ஒன்று பழைய சுவடு, ஒன்று பொய் என்றும் இருக்கலாம். டெங்குவில் என்.எஸ்.1 என்ற வைரஸ் புரதம் பாசிட்டிவ் என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலுக்கு அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் கீழ் என்று மறைவிடங்களில் வலிக்காத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அது காகிதத்தைவிடப் பெரிய சாட்சி.

டாக்டர்கள் ஏன் காகிதம் முழுவதும் வரும் முன்பே மாத்திரை தொடங்குகிறார்கள் என்றால், டாக்ஸிசைக்ளின் எலிக்காய்ச்சலுக்கும் கேட்கும், உண்ணிக் காய்ச்சலுக்கும் கேட்கும். டெங்கு இருக்கிறது என்று அதோடு நிறுத்திக்கொண்டால், கூட இருக்கும் உண்ணிக் காய்ச்சல் நுரையீரலையும் மூளையையும் தொட்டுவிடும். காய்ச்சலுக்கென்று ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டெங்கு கூட இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று. உண்ணிக் காய்ச்சலைத் தருவது உங்கள் வீட்டு நாயின் உண்ணி கிடையாது. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத வேறொரு பூச்சியின் குஞ்சு. நாயை விரட்டிவிடாதீர்கள். ஆனால் வீட்டில் மாடு இருக்கிறது, சாணி அள்ளினாள், வயலில் இறங்கினாள் என்பதையெல்லாம் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க நேரமிருக்காது.

கே: ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்றுதான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டு சேர்ந்தால்தான் நோய் என்று நீங்கள் எழுதுவதற்கு ஆதாரம் உண்டா? யார் கண்டுபிடித்தது?
(அறிவியல் ஆசிரியர், தேனி)

ப: உண்டு, அதுவும் பன்றித் தொழுவத்திலிருந்து. இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1918-இல் உலகம் முழுவதும் ஃப்ளூ காய்ச்சல் அடித்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று அன்றைக்குப் பெரும்பாலோர் நம்பினார்கள். ராபர்ட் காக்கிடம் வேலை பார்த்த ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் 1892-இல் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் கண்டெடுத்தது அது. ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே என்ற பெயரே அதனால்தான் வந்தது. ஆனால் 1918-இல் செத்தவர்கள் சிலரிடம் அது இருந்தது, சிலரிடம் இல்லை. விஷயம் குழம்பிப் போனது.

அதே இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பன்றிகள் மொத்த மொத்தமாக இருமிக்கொண்டு படுத்தன. கோயன் என்ற அரசாங்கக் கால்நடை ஆய்வாளர், மனிதர்களுக்கு வந்ததுதான் பன்றிக்கும் வந்திருக்கிறது, இதுவும் ஃப்ளூதான் என்று எழுதினார். பன்றிக்கறி விற்காமல் போய்விடும் என்று வளர்ப்பவர்களுக்கு அவர் மேல் கடும் கோபம். (கால்நடை மருத்துவத்தில் இருக்கிற யாருக்கும் இது புதிதாகத் தெரியாது. கோழிக்காய்ச்சல் செய்தி வந்த வாரம் நாமக்கல் பக்கம் வந்து பாருங்கள்.)

பத்து வருடம் கழித்து அயோவாவிலேயே பிறந்த ரிச்சர்ட் ஷோப் என்ற இளம் டாக்டர் இதைக் கையில் எடுத்தார். அவரும் பால் லூயிஸ் என்பவரும் நோயுற்ற பன்றிகளின் மூச்சுக்குழாயிலிருந்து ஃபைஃபரின் கிருமியைப் போலவே ஒன்றை வளர்த்தெடுத்தார்கள். அதை நல்ல பன்றியின் மூக்கில் விட்டுப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. லூயிஸ் 1929-இல் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சியின்போது அதே நோயில் இறந்துபோனார், ஷோப் தனியாகத் தொடர்ந்தார். நோயுற்ற பன்றியின் சளியைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை மட்டும் கொடுத்தார். பன்றி நாலு நாள் சோர்ந்து எழுந்துவிட்டது. லேசான நோய். பாக்டீரியாவை மட்டும் கொடுத்தார், நோயே இல்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார். தொழுவத்தில் பார்த்த அதே கடும் நோய், அதே நுரையீரல். 1931-இல் இது வெளியானது. வடிகட்டிய நீரில் இருந்தது வைரஸ். லேசான நோய் வந்து தேறிய பன்றிக்குக் கடும் நோயும் பிறகு வரவில்லை என்பதையும் அவர் பார்த்தார். அடிப்படை வைரஸ், கடுமை கூட்டாளியால் என்பது அதில் தெளிந்தது. இரண்டு வருடம் கழித்து, 1933-இல் லண்டனில் மனித ஃப்ளூ வைரஸைப் பிடித்தார்கள். முதலில் பன்றி, பிறகுதான் மனிதன்.

1918-இல் இறந்தவர்களிடமிருந்து எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் துண்டுகளை வெகுகாலம் கழித்து மறுபடி ஆராய்ந்து 2008-இல் எழுதினார்கள். பெரும்பாலான சாவுகளில் பாக்டீரியா நிமோனியா இருந்தது. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலை உரித்துவிட்டது, தொண்டையில் சும்மா இருந்த நிமோகாக்கஸும் மற்றவையும் இறங்கின. பென்சிலின் வருவதற்கு இன்னும் வெகுகாலம் இருந்தது.

ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது இல்லாமல் மருத்துவமே ஆரம்பமாகியிருக்காது. பத்தாம் வகுப்பு வந்ததும் ஷோப்பின் மூன்று பன்றிகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள்.

கே: மனிதர்களில் மிக மோசமான ஜோடி எது?
(நர்சிங் மாணவி, மதுரை)

ப: எச்.ஐ.வி.யும் காசநோயும். சென்னையில் 1986-இல் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை, எச்.ஐ.வி. உள்ளவர்களைக் கொல்வதில் காசநோய்க்கே முதலிடம். பலருக்கு நுரையீரலில் காசநோய்க் கிருமி வாழ்நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருந்துவிடும். எச்.ஐ.வி. அழிப்பது அதைத் தூங்க வைத்திருக்கும் அணுக்களையே. மருந்திலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டிவிட்டு ரத்தத்தில் எச்.ஐ.வி. மருந்தின் அளவைக் குறைத்துவிடுவதால், டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை இருமடங்காக்க வேண்டியிருக்கிறது. வார்டுக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள்.

விசித்திரமான ஜோடி வேண்டுமென்றால் ஹெபடைடிஸ் டி. 1977-இல் இத்தாலியின் டூரினில் ரிட்செட்டோ கண்டது. ஹெபடைடிஸ் பி வைரஸ் இல்லாமல் அதற்குத் தனி வாழ்வே இல்லை, பி-யின் உறையை எடுத்துத்தான் போர்த்திக்கொள்கிறது. சேர்ந்தால் ஈரல் சீக்கிரம் சுருங்கும். பி-க்குத் தடுப்பூசி போட்டால் இரண்டும் வராது.

கே: இரண்டு ரவுடி ஒரே தெருவில் இருந்தால் ஒருவனை ஒருவன் அடித்துக்கொள்ள மாட்டானா? ஒரு கிருமி இன்னொன்றை விரட்டாதா அம்மா?
(வாசகர், அரக்கோணம்)

ப: விரட்டும், சில நேரம். ஒரு வைரஸ் நுழைந்த செல் பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை கொடுக்கும், அடுத்த வைரஸுக்கு இடம் கிடைக்காது. அந்த எச்சரிக்கைப் பொருளை 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டுபிடித்து இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள். சாதாரண ஜலதோஷம் பரவியிருக்கும்போது ஃப்ளூ கொஞ்சம் ஒதுங்கி நிற்பதும் இதனால்தான் என்கிறார்கள்.

இதை வைத்து நோபல் பரிசே வாங்கியவர் உண்டு. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் மூளைக்கு ஏறிப் பைத்தியமானவர்களுக்கு வியன்னாவில் வாக்னர்-யவுரெக் 1917-இல் மலேரியா ரத்தத்தை ஏற்றினார். மலேரியாவின் கடுங்காய்ச்சலில் சிஃபிலிஸ் தணியும், பிறகு குயினைன் கொடுத்து மலேரியாவை அடக்குவார். சிலர் தேறினார்கள், சிலர் மலேரியாவிலேயே போனார்கள். 1927-இல் பரிசு. பென்சிலின் வந்ததும் யாரும் அதைச் செய்வதில்லை. நீங்களும் செய்து பார்க்க வேண்டாம்.

கே: மழை விட்டதும் செம்மறி எல்லாம் நொண்டுகின்றன. குளம்பு நடுவில் அழுகி நாற்றம். எந்த ஊசி?
(வாசகர், கோவில்பட்டி)

ப: ஊசிக்கு முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். வாயிலும் புண் இருந்தால், நாக்கு வீங்கியிருந்தால், அது கோமாரியாகவோ நீலநாக்காகவோ இருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கொசு மாதிரி ஒரு சிறு பூச்சியால் உங்கள் பக்கம் நீலநாக்கு வரும், அதிலும் ஆடு நொண்டும். அப்படியானால் கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

வாய் சுத்தமாக இருந்து, விரல் இடுக்கில் மட்டும் அழுகல் என்றால் குளம்பு அழுகல். இதுவும் கூட்டு வேலைதான். நாள் முழுவதும் சேற்றில் ஊறிய தோலில், சாணத்தில் எப்போதும் இருக்கும் ஃப்யூசோபாக்டீரியம் முதலில் புகுந்து புண்ணாக்கும். அந்தப் புண்ணில் டைக்கிலோபாக்டர் என்ற இன்னொன்று சேர்ந்தால்தான் குளம்பின் ஓடு அடியிலிருந்து கழன்று வரும். டைக்கிலோபாக்டர் மண்ணில் அதிக நாள் தங்காது, நொண்டும் ஆட்டின் குளம்பிலேயேதான் இருந்து பரவும். ஆகவே நொண்டுவதை மற்றவற்றோடு அடைக்காதீர்கள். பிளந்து தொங்கும் குளம்பை மட்டும் சீவி, சீவியதை எரித்துவிடுங்கள். பத்து சதவீத துத்தநாக சல்பேட் கரைசலில் நிறுத்திவிட்டுக் காய்ந்த தரையில் விடுங்கள். கடும் அழுகலுக்கு டாக்டர் ஊசி போடுவார். மயில்துத்தக் கரைசலும் பழக்கத்தில் உண்டு, ஆனால் தாகத்தோடு வரும் செம்மறி அதைக் குடித்துவிட்டால் தாமிர விஷம் ஏறிவிடும். அதில் விடுவதானால் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டு விடுங்கள்.